ஊசி உடைந்தால் கை உயருமா?

ஒரு தையல் கூடத்தில் நிர்வாகம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் படிக்க வேண்டியதில்லை. உடைந்த ஊசி ரிஜிஸ்டரை வாங்கி நாலு பக்கம் புரட்டினால் போதும். 30 மெஷின் ஓடுகிற லைனில் இரண்டு மாதமாக ஒரு பதிவுகூட இல்லையென்றால், ஊசி உடையவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உடைகிறது. யாரும் சொல்வதில்லை.

மனிதரை மையமாக வைத்த தலைமை என்று இப்போது கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பேசுகிறார்கள். கம்பெனிகளில் அது பிறந்தநாள் கேக்காகவும், மகளிர் தினத்து ரோஜாப்பூவாகவும், வருஷத்துக்கு ஒரு ஏற்காடு டூராகவும் வந்து சேர்கிறது. கேக்கை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நான் பார்ப்பது வேறு மூன்று விஷயம்: ஒரு டைலர் தன் கையில் நடந்த தப்பை உடனே சொல்கிறாரா, சொன்னதும் எத்தனை நிமிஷத்தில் யார் வருகிறார், வந்தவர் வாயிலிருந்து விழும் முதல் வார்த்தை என்ன. இதை ஊசியை வைத்தே பேசிவிடலாம். திருப்பூரில் எல்லோருக்கும் கைப்பழக்கமான பொருள் அது.

வெளியாட்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். தைக்கும்போது ஊசி உடைந்தால் டைலர் மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும், நுனி முதல் அடிவரை, தேடி எடுக்க வேண்டும். காந்தத்தை வைத்து மேஜை, தரை, மெஷின் தட்டு, தைத்துக்கொண்டிருந்த துணி எல்லாம் துழாவ வேண்டும். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லையென்றாலும் அந்த பண்டில் (சேர்த்துக் கட்டிய துணித் துண்டுகள்), பக்கத்தில் இருந்த பீஸ்கள் எல்லாம் தனிப் பெட்டியில் போட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும். டிடெக்டரைப் பெரும்பாலும் 1.2 மி.மீ. இரும்புக் குண்டு வைத்த கார்டால் சோதித்து வைப்பார்கள். குழந்தை உடுப்பு என்றால் 1.0 கேட்கிற பையரும், அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனியும், உண்டு. ஒரு பாப்பா சட்டையில் ஊசி நுனி இருந்து கடையில் கண்டுபிடித்தால், மொத்த ஷிப்மென்டும் திரும்பும். சில ரூபாய் ஊசிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் அதனால்தான்.

இப்போது டைலர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஊசி டக்கென்று உடைகிறது. நுனி கண்ணுக்குத் தெரியவில்லை. கை தூக்கினால் என்ன ஆகும்? சூப்பர்வைசர் லைனின் அந்தக் கோடியில் நிற்கிறார். பத்து நிமிஷம் கழித்து வருவார். வந்ததும், "என்னக்கா, மறுபடியும் உடைச்சுட்டீங்களா?" என்பார். 60 பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தேட இன்னும் கால் மணி நேரம். பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அத்தனையும் சொந்த நஷ்டம். மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் பலகையில் அந்த மணியின் எண் விழும், மாலையில் அதற்கு ஒரு திட்டு. சில இடங்களில் ஊசிக் காசையும் சம்பளத்தில் பிடிப்பார்கள். இன்னொரு வழி இருக்கிறது. பர்ஸில் வெளிக்கடையில் வாங்கிய ஊசி ஒன்று இருக்கிறது. ஸ்குரூவைத் தளர்த்தி, மாட்டி, நூல் கோத்து, மறுபடி ஓட ஆரம்பிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நுனி எங்கே போனதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவரை ஒழுக்கமில்லாதவர் என்று சொல்வது சுலபம். அவர் கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். அந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தது நிர்வாகம்.

தறியும் டொயோட்டாவும் சம்பந்தப்பட்டவை என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். கார் கம்பெனிக்கு முன்னால் அந்தக் குடும்பத் தொழில் தறிதான். சகிச்சி டொயோடா 1924-இல் கொண்டுவந்த ஜி வகைத் தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அப்படி நிற்காத தறி, அறுந்தது தெரியாமல் கெஜக்கணக்கில் பழுதுத் துணி நெய்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். தானே நிற்கும் தறி வந்ததும் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. கார் ஆலைக்கு இதே யோசனை போனபோது அது ஒரு கயிறாக மாறியது. வேலை செய்பவர் தலைக்கு மேலே கயிறு. கோளாறு தெரிந்தால் இழுக்கலாம். விளக்கு எரியும், மணி ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரி செய்துவிட்டால் மறுபடி ஒரு இழுப்பு. லைன் நிற்காமல் போகும். முடியாவிட்டால் நிற்கும்.

கயிற்றின் கதையில் நமக்கு வேண்டிய பாகம் அமெரிக்காவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஊரில் ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) நடத்திய கார் ஆலை 1982-இல் மூடப்பட்டது. ஆள் வராமை சுமார் 20 சதவீதம், தீராத புகார்கள் ஆயிரக்கணக்கில், சொல்லாமல் கொள்ளாமல் வேலைநிறுத்தம் என்று பேர் கெட்ட ஆலை அது. அங்கே என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. பழுதோடு கார் போகட்டும், வெளியே போய்ப் பிரித்துச் சரி செய்துகொள்ளலாம் என்பதுதான் வழக்கம். 1984-இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து அதே கட்டடத்தில் நம்மி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. எடுத்த தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் அந்தப் பழைய ஆலையின் ஆட்களே. அதே யூனியனும்கூட. இரண்டே ஆண்டில் தரத்திலும் உற்பத்தியிலும் ஜி.எம்.மின் மற்ற ஆலைகளை அது முந்தியது. ஆள் வராமை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

ஆட்கள் அதே ஆட்கள்தான். மாறியது என்ன? எண்பதுக்கு மேல் இருந்த வேலைப் பிரிவுகளை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருக்கினார்கள். பலரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டாவின் டகவோகா ஆலையில் வாரக்கணக்கில் கூட நின்று வேலை செய்ய வைத்தார்கள். நான்கு முதல் ஆறு பேருக்கு ஒரு டீம் லீடர் என்று வைத்தார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன். வேலை போகாது என்ற உறுதியை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 1988-இல் விற்பனை படுத்தபோது யாரையும் வெளியே அனுப்பாமல் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் அனுப்பினார்கள். கயிறு இழுத்தால் லைன் நிற்கும், அதனால் என் வேலை போகாது என்பதைத் தொழிலாளி கண்ணால் பார்த்தது அப்போதுதான். இதே முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜி.எம். பல ஆண்டுகள் திணறியது. கயிற்றைக் கட்டுவது லேசு. இழுத்தவனை முறைக்காமல் இருக்கும் மேனேஜரைக் கட்டியா தொங்கவிட முடியும்? ஃப்ரீமான்ட் ஆலை 2010-இல் மூடியது, இப்போது அதில் டெஸ்லா கார் செய்கிறார்கள்.

சரி, நம் லைனுக்கு வருவோம். அங்கே நான்கு முதல் ஆறு பேருக்கு ஒருவர், இங்கே 30 மெஷினுக்கு ஒரு சூப்பர்வைசர். அவரே பண்டில் நகர்த்த வேண்டும், அவரே பலகையில் எண் எழுத வேண்டும், கட்டிங்கில் போய், கழுத்துப்பட்டிக்கான ரிப் துணி வரவில்லை என்று சண்டை போட வேண்டும், லீவு போட்டவர் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். இவர் கை உயர்ந்த இரண்டு நிமிஷத்துக்குள் வர மாட்டார், எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும் வர முடியாது. நான்கு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினாலும் அதே 30 மெஷின்தான். அதனால் முதல் செலவு ஆளுக்கு: எட்டிலிருந்து பத்து மெஷினுக்கு ஒரு பல வேலை தெரிந்த டைலரை விடுவித்து, அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக நிறுத்த வேண்டும். 30 மெஷின் லைனுக்கு மூன்று பேர். முதலாளி உடனே மூன்று சம்பளக் கணக்குப் போடுவார். போடட்டும். இந்த மூவரும் சும்மா நிற்பவர்கள் இல்லை. யாராவது தண்ணீர் குடிக்கப் போனால் அந்த மெஷினில் உட்காருவார்கள், ஊசி தேடும் நேரத்தில் பக்கத்து மெஷினில் அந்த வேலையை ஓட்டுவார்கள்.

தேடும் நேரத்தில் லைன் செத்துவிடும் என்ற பயமும் கணக்குப் போட்டால் குறையும். 8 மணி நேரத்தில் 1,200 டி-ஷர்ட் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 2.5 பீஸ். ஒரு வேலை 15 நிமிஷம் நின்றால் சுமார் 38 பீஸ் குறையும். 20 பீஸ் கொண்ட பண்டில் இரண்டை அடுத்த மெஷினுக்கு முன்னால் எப்போதும் இருப்பில் வைத்தால், அது 16 நிமிஷத்துக்குத் தாங்கும். அடுத்தவர் கை காலியாகாது. மூன்று பண்டில், நாலு பண்டில் என்று குவித்தால் தப்பு எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போகும், அதனால் இரண்டோடு நிறுத்துங்கள்.

அடுத்தது சைகை. கை தூக்குவது பள்ளிக்கூடத்துப் பழக்கம். 45 வயது அக்கா ஒருவர் அத்தனை பேர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பது கூச்சம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பையன்களுக்கோ கூப்பிடும் பாஷையே சிக்கல். மெஷின் விளக்குக் கம்பியில் ஒரு சிவப்புத் துணிக்கொடி செருகி வைத்தாலே போதும். எடுத்து நிமிர்த்தினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். ஆனால் செக்கிங்கில் ஏற்கெனவே சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை தொங்கவிடும் கூடங்களில் வேறு நிறம் எடுங்கள். அங்கே சிவப்பு என்றால் இந்த டைலரிடம் பழுது அதிகம் என்று பெயர். ஒரே நிறம் அவமானத்துக்கும் உதவிக்கும் இருந்தால் கொடி ஒருநாளும் நிமிராது.

வந்தவர் என்ன பேச வேண்டும்? தமிழில் இது ஒரு எழுத்தில் இருக்கிறது. "ஊசி உடைஞ்சிருச்சா?" என்பது ஒன்று. "ஊசியை உடைச்சுட்டீங்களா?" என்பது இன்னொன்று. முதலாவதில் ஊசி உடைந்தது. இரண்டாவதில் நீங்கள் உடைத்தீர்கள். சூப்பர்வைசர் இரண்டாவதைச் சொல்வது கெட்ட எண்ணத்தால் இருக்காது, வாய்ப்பழக்கம்தான். ஆனால் கேட்பவர் காதில் விழுவது குற்றச்சாட்டு. நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதல் கேள்வி, "கையில பட்டுச்சுங்களா?" விரலில் ஊசி ஏறுவது இந்தத் தொழிலின் தினசரி ஆபத்து, விரலைக் காக்கும் ஃபிங்கர் கார்டை வேகத்துக்காகக் கழற்றி வைத்திருப்பவர்கள் நிறைய. இரண்டாவது, "எத்தனை துண்டு கிடைச்சுது?" மூன்றாவது, துண்டெல்லாம் கிடைத்த பிறகு, "எந்த இடத்துல தைக்கும்போது ஆச்சு?" யார் என்ற சொல் இந்த மூன்றிலும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் யார் என்பது எல்லோருக்கும் தெரியுமே.

எந்த இடத்தில் என்பது ஒப்புக்குக் கேட்கிற கேள்வி கிடையாது. ஊசி உடையும் காரணங்கள் கொஞ்சம்தான். கனமான தையல் சேரும் இடம், உதாரணமாகப் பக்கத் தையலும் அடி மடிப்பும் குறுக்கிடும் முனை, ஊசி வளைந்து தட்டில் இடிக்கும். துணிக்கு ஒல்லியான ஊசி. 14-ஆம் எண் ஊசி போட வேண்டிய இடத்தில் 9 போட்டால் தாங்காது. தட்டின் துளையில் முன்பு உடைந்த ஊசி போட்ட கீறல். ஓவர்லாக் மெஷினில், அடியிலிருந்து நூலைப் பிடிக்கும் லூப்பரின் டைமிங் மாறியிருப்பது. டைலர் துணியைப் பின்னாலிருந்து இழுப்பது. கடைசி ஒன்றில்தான் டைலரின் கை இருக்கிறது, அதிலும் இலக்கு எட்டாத பதற்றத்தில்தான் இழுக்கிறார். மற்ற நான்கும் மெக்கானிக், ஊசி வாங்குபவர், வேலை முறையைத் தீர்மானித்தவர் ஆகியோர் பாடு. திட்டு மட்டும் மெஷினில் உட்கார்ந்தவருக்கு.

ரிஜிஸ்டரில் தேதி, நேரம், மெஷின் எண், வேலை, ஸ்டைல், ஊசி அளவு, கிடைத்த துண்டுகள் எல்லாம் இருக்கட்டும். ஆடிட்டுக்கு டைலர் பெயரும் வேண்டும், எழுதுங்கள். ஆனால் மாதக் கடைசியில் கூட்டல் போடும்போது பெயர் வாரியாகப் போடாதீர்கள். மெஷின் வாரியாக, வேலை வாரியாக மட்டும். பெயர் வாரியாக ஒரே ஒரு தடவை போட்டு, 'அதிகம் உடைத்தவர்' என்று ஒரு பட்டியல் மேலே போனால், அடுத்த மாதம் ரிஜிஸ்டர் சுத்தமாகிவிடும். சனிக்கிழமை 15 நிமிஷம் மெக்கானிக், சூப்பர்வைசர், இரண்டு டைலர்கள் உட்கார்ந்து அதை வாசிக்க வேண்டும். ஒரே மெஷின் மூன்று தடவை வந்திருந்தால் தட்டை மாற்றுங்கள். மாற்றியதும் திங்கட்கிழமை அந்த டைலரிடமே போய், "நீங்க சொன்னதால தட்டு மாத்தியாச்சுங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் மற்றதெல்லாம் நடக்கும், இந்த ஒன்று நடக்காது. சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று தெரியாதவர் இரண்டாவது தடவை ஏன் சொல்ல வேண்டும்?

பணத்துக்கு வருகிறேன். பீஸ் ரேட் டைலருக்குத் தேடும் நேரத்துக்கு அவருடைய சராசரி மணிக்கூலியைப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள், கேலிக்கூத்தாகிவிடும். ஊசிக் காசைப் பிடிப்பது அதைவிட மோசம். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, சேதத்துக்காகப் பிடித்தம் செய்ய வேண்டுமானால் அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டதாக இருக்க வேண்டும், அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுதி வைத்தது. சட்டத்தை விடுங்கள்; ஐந்து, பத்து ரூபாய் பிடித்து ஒரு கன்டெய்னரைப் பணயம் வைப்பது என்ன வியாபாரம்?

பரிசும் இதே வேலையைத்தான் செய்யும். 'ஊசி உடையாத மாதம்' என்று அறிவித்து, ஜெயித்த லைனுக்கு பிரியாணி போட்டார்கள் என்றால், ஒருவர் உண்மை சொன்னால் 30 பேர் பிரியாணி போகும். தப்பை மறைக்க இதைவிடப் பெரிய ஊக்கம் கொடுக்க முடியாது.

1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சனுக்கும் இதே புதிர் வந்தது. நல்ல தலைமை இருக்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்ணிக்கை அங்கேதான் அதிகமாக வந்தது. நல்ல வார்டுகளில் செவிலியர்கள் தவறுகளைப் பயப்படாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே விளக்கம். ஆக, இந்த முறையைத் தொடங்கினால் முதல் மாதம் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை ஏறும். ஏற வேண்டும். இதை முதலாளியிடம் தொடங்குவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். ஏறிய பிறகு சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

எங்கே சறுக்கும் என்றால், ஷிப்மென்ட் அன்று. ராத்திரி 11 மணி, லாரி வாசலில் நிற்கிறது, இன்னும் 400 பீஸ் பாக்கி. அப்போது ஒரு கொடி நிமிர்கிறது. ஃப்ளோர் மேனேஜர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இப்பத்தானா?" என்று முகம் சுளித்தால் மூன்று மாத வேலை போச்சு. அங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அவர் தானே காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் குனிந்தால், அதற்கும் அதே அளவு வலு உண்டு.

இன்னொன்று, சம்பந்தமில்லாததுபோலத் தெரியும். பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டிய கூடத்தில் இதெல்லாம் எடுபடாது. பெரிய மனுஷியை ஒன்றுக்குப் போக அனுமதி கேட்க வைத்துவிட்டு, மனம் திறந்து பேசுங்கள் என்றால் யார் நம்புவார்கள்?

சென்னையில் ஐ.டி.யில் இருப்பவர்கள், இது தையல்காரர்கள் கதை என்று தள்ளிவிட வேண்டாம். வெள்ளி இரவு ரிலீஸில் ஒரு டேபிளைத் தப்பாக அழித்த ஜூனியர், அதைச் சாட்டில் உடனே போடுகிறாரா, இல்லை பேக்கப்பை எடுத்துத் தனியே போராடி விடிந்த பிறகு சொல்கிறாரா என்பது இதே கேள்விதான். ஸ்டாண்டப் என்கிற தினசரிக் கூட்டத்தில் எல்லோரும் "ஆன் டிராக்" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் சாயும் புராஜெக்ட்டும், பதிவில்லாத ஊசி ரிஜிஸ்டரும் ஒரே சாதி. அங்கேயும் 15 பேருக்கு ஒரு லீட், அவருக்கு நாளில் ஆறு மணி நேரம் மீட்டிங்.

தொடங்குவதற்கு ஒரு லைன் போதும். எல்லா லைனிலும் ஒரே நாளில் வேண்டாம். மூன்று பேரை விடுவிக்க முடியாத லைனில் கொடி மட்டும் நட்டால், நிமிர்ந்த கொடிக்கு ஆள் வராமல் இரண்டே நாளில் அது தலை துடைக்கும் துணியாகிவிடும். முதல் வாரம் கொடியும் வேண்டாம். லைன் முனையில், சூப்பர்வைசர் மேஜையிலிருந்து தள்ளி, கேமரா படாத இடத்தில் ஒரு மூடிய தகரப்பெட்டி வையுங்கள், மேலே உண்டியல்போல ஒரு கீறல். சொந்தமாக வாங்கி வைத்திருக்கும் ஊசிகளை யாரும் இதில் போடலாம், ஒரு கேள்வியும் கிடையாது என்று தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் சொல்லுங்கள். எழுதி ஒட்டுவதைவிட வாயால் சொல்வது நல்லது. சொல்பவர் அவர்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு நாள் ஒன்றும் விழாது. யார் போடுகிறார்கள் என்று பார்க்க யாராவது ஒளிந்து நிற்கிறார்களா என்று கவனிப்பார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு விழும். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து எண்ணி, அந்த எண்ணிக்கையை ரிஜிஸ்டரின் பழைய பக்கங்களோடு சேர்த்து முதலாளி மேஜையில் வையுங்கள். யார் போட்டது என்று கேட்பார். தெரியாது என்று சொல்லுங்கள்.